லினக்ஸ்ல டெஸ்க்டாப் வரமாட்டேங்குதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸ் யூஸ் பண்றவங்க யார்கிட்ட பேசினாலும் சுத்திச் சுத்தி இதுலதான் வந்து நிக்குது, "நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு, இன்னைக்கு டெஸ்க்டாப் வரல". ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி அலுத்துப்போச்சு, அதான் ஒரே இடத்துல தொகுத்து வச்சுட்டேன். கேள்விகள் அவங்க கேட்ட மாதிரியே இருக்கு. கமாண்டெல்லாம் வாயால சொல்ற மாதிரி தமிழ்லயே எழுதிருக்கேன், நீங்க டைப் பண்ணும்போது இங்கிலீஷ் சின்ன எழுத்துல அடிங்க, பெரிய எழுத்து வேணும்னா அந்த இடத்துலயே சொல்லிருக்கேன். உபுண்டு, மின்ட், டெபியன் குடும்பத்தை வச்சு எழுதினது, ஃபெடோராவுல மாறுற இடம் வந்தா சொல்றேன்.

1. கம்ப்யூட்டர் ஆன் ஆகுது ஆனா டெஸ்க்டாப் வரல. என்ன பிரச்சனைன்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

இது ஒரு பிரச்சனை இல்ல, நாலஞ்சு வேற வேற பிரச்சனைக்கு ஒரே பேரு. பவர் பட்டனை அமுக்கினதுலேர்ந்து ஐகான் தெரியிற வரைக்கும் வரிசையா நடக்குறது இதுதான்: கிரப் (பூட் மெனு காட்டுற புரோகிராம்) வந்து கெர்னலை (லினக்ஸோட மையப் பகுதி) லோட் பண்ணும், கெர்னல் கிராஃபிக்ஸ் டிரைவரை எழுப்பும், அப்புறம் சிஸ்டம்டி ஒவ்வொரு சர்வீஸா கிளப்பிவிட்டு டிஸ்ப்ளே மேனேஜரைக் கூப்பிடும், லாகின் ஸ்க்ரீன் காட்டுறது அதுதான் (க்னோம்னா ஜிடிஎம், கேடிஇன்னா எஸ்டிடிஎம், மின்ட்ல லைட்டிஎம்). பாஸ்வேர்ட் போட்டதுக்கு அப்புறம்தான் டெஸ்க்டாப், அதாவது க்னோமோ கேடிஇயோட ப்ளாஸ்மாவோ சினமனோ, உங்க பேர்ல ஸ்டார்ட் ஆகும்.

இதுல எந்த இடத்துல நிக்குதுன்னு மட்டும் மொதல்ல பாருங்க. லாகின் ஸ்க்ரீன் வருது, பாஸ்வேர்ட் போட்டா உள்ள போக மாட்டேங்குதுன்னா பெரும்பாலும் உங்க ஹோம் ஃபோல்டர் பக்கம்தான் கோளாறு. லாகின் ஸ்க்ரீனே வரலன்னா டிரைவர், டிஸ்ப்ளே மேனேஜர் பக்கம். அதுக்கும் முன்னாடி வெள்ளை எழுத்துலயே நின்னுடுச்சுன்னா டிஸ்க், பார்டிஷன் பக்கம். இது தெரியாம நெட்ல கிடைச்ச கமாண்டை எல்லாம் ஒண்ணொண்ணா அடிச்சுப் பாக்குறவங்கதான் ஒரு பிரச்சனையை மூணாக்கிட்டு வர்றாங்க.

2. ஸ்க்ரீன் முழுக்க கருப்பு, ஒண்ணுமே தெரியல. இதுல எங்க போய் கமாண்ட் அடிக்கிறது?

கன்ட்ரோல்+ஆல்ட்+எஃப்3 அமுக்குங்க (லேப்டாப்னா எஃப்என் கீயையும் சேத்து அமுக்க வேண்டியிருக்கலாம்). கருப்புத் திரையில லாகின்னு ஒரு வரி வரும், இதை டிடிஒய்னு சொல்வாங்க. யூசர் பேர், பாஸ்வேர்ட் அடிங்க. பாஸ்வேர்ட் அடிக்கும்போது ஒரு புள்ளிகூட தெரியாது, கீபோர்ட் வேலை செய்யலன்னு நெனச்சு விட்டுடாதீங்க, அடிச்சு முடிச்சு என்டர் தட்டுங்க. திரும்பிப் போக எஃப்1 இல்ல எஃப்2. வைஃபை வேணும்னா இங்கயே என்எம்டியூஐனு அடிச்சா மெனு மாதிரி ஒண்ணு வரும், அதுல கனெக்ட் பண்ணிக்கலாம்.

டிடிஒய்யும் வரலன்னா ரீஸ்டார்ட் பண்ணி கிரப் மெனுவுக்குப் போகணும். பழைய பயாஸ் மெஷின்ல ஷிஃப்டை அமுக்கிப் பிடிக்கணும், யூஇஎஃப்ஐ மெஷின்ல எஸ்கேப்பைத் தட்டணும். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்குள்ள ரெகவரி மோட் இருக்கும், அதுல ரூட் ஷெல் (ரூட்னா சிஸ்டத்தோட அட்மின் யூசர்) எடுத்தா டிஸ்க் படிக்க மட்டும்தான் மவுண்ட் ஆகியிருக்கும், எதையும் மாத்தணும்னா மொதல்ல "மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ /"னு அடிச்சுக்கணும்.

மெஷின் சுத்தமா உறைஞ்சுபோச்சுன்னா பவர் பட்டனைப் பிடிச்சு அணைக்கிறதுக்கு முன்னாடி, ஆல்ட்+சிஸ்ரெக் பிடிச்சுக்கிட்டு எஸ், யூ, பி மூணையும் கொஞ்சம் இடைவெளி விட்டுத் தட்டுங்க. எஸ் டிஸ்க்ல எழுத வேண்டியதை எழுதும், யூ டிஸ்க்கை ரீட் ஒன்லி ஆக்கும், பி ரீபூட் பண்ணும். உபுண்டுவுல இந்த மூணும் டிஃபால்டாவே அனுமதிச்சிருக்கு.

3. என் ஃபைலெல்லாம் போச்சா?

போகல. டெஸ்க்டாப் வரலங்கிறதும் ஃபைல் இருக்கா இல்லையாங்கிறதும் வேற வேற. டிடிஒய்ல லாகின் பண்ணி எல்எஸ் (ஃபைல் பேரெல்லாம் காட்டுற கமாண்ட்) அடிச்சுப் பாருங்க, எல்லாம் அப்படியே இருக்கும். பயமா இருந்தா லைவ் யூஎஸ்பி (இன்ஸ்டால் பண்ணாமலே லினக்ஸ் ஓடுற பென்டிரைவ்) போட்டு பூட் பண்ணி ஹோம் ஃபோல்டரை வெளி டிஸ்க்ல காப்பி எடுத்துட்டு நிதானமா ஆரம்பிங்க.

4. பாஸ்வேர்ட் சரியாத்தான் போடுறேன், ஒரு செகண்ட் கருப்பாகி திரும்ப லாகின் ஸ்க்ரீனுக்கே வந்து நிக்குது. ஏன்?

லாகின் லூப்னு சொல்றது இதுதான், அதிகமா கேக்குற கேள்வியும் இதுதான். பாஸ்வேர்ட் தப்புன்னா தப்புன்னு சொல்லும். சொல்லாம திருப்பி அனுப்புதுன்னா பாஸ்வேர்டை ஏத்துக்கிட்டாச்சு, செஷன் ஸ்டார்ட் ஆன உடனே செத்துப்போச்சுன்னு அர்த்தம். டிடிஒய்ல போய் மொதல்ல "டிஎஃப் -ஹெச்" அடிங்க, டிஸ்க்ல எவ்வளவு இடம் இருக்குன்னு காட்டும். சிஸ்டம் இருக்கிற ரூட் பார்டிஷனோ (/) ஹோமோ 100% காட்டினா அடுத்த கேள்விக்குப் போயிடுங்க, அதான் காரணம்.

இடம் இருக்குன்னா அடுத்து பெர்மிஷன். யாராவது சூடோ (ரூட் அதிகாரத்துல ஓட்டுற கமாண்ட்) போட்டு ஒரு கிராஃபிக்ஸ் புரோகிராமைத் திறந்திருப்பாங்க, இல்ல சூடோ ஸ்டார்ட்எக்ஸ்னு அடிச்சிருப்பாங்க, அப்ப உங்க ஹோம்ல இருக்கிற டாட் எக்ஸ்அத்தாரிட்டி, டாட் ஐசிஇஅத்தாரிட்டி ஃபைல் (டாட்னா பேருக்கு முன்னாடி வர்ற புள்ளி, எக்ஸும் ஐசிஇயும் பெரிய எழுத்து) ரூட்டுக்குச் சொந்தமாயிடும், அப்புறம் உங்க செஷனால அதுல எழுத முடியாது. "ஃபைண்ட் ~ -யூசர் ரூட்"னு அடிச்சா ரூட் பேர்ல இருக்கிறதெல்லாம் வரிசையா வரும். அந்த ரெண்டு ஃபைலையும் பேர் மாத்தி வச்சுட்டா புதுசா உருவாகிடும். நிறைய இருந்தா "சூடோ சிஹெச்ஓன் -ஆர் உங்கபேர்:உங்கபேர் /ஹோம்/உங்கபேர்", இதுல ஆர் மட்டும் பெரிய எழுத்து. ஹோம் பாத்தை முழுசா அடிச்சிருக்கீங்களான்னு ரெண்டு தடவை பாத்துட்டு என்டர் தட்டுங்க, வெறும் சாய்கோட்டுக்கு இதை அடிச்சா சிஸ்டமே போயிடும். டிஎம்பி ஃபோல்டர் பெர்மிஷன் மாறியிருந்தாலும் இதே லூப்தான், "சூடோ சிஹெச்மோட் 1777 /டிஎம்பி" சரி பண்ணிடும்.

மூணாவது, டாட் ப்ரொஃபைல், டாட் எக்ஸ்ப்ரொஃபைல் ஃபைல்கள். லாகின் ஆகும்போது இதையும் படிக்கும்ங்கிறது பலருக்குத் தெரியாது. அதுல எக்ஸிட்னு ஒரு வரி, இல்ல எக்ஸெக் போட்டு வேற ஷெல்லைக் கூப்பிடுற வரி இருந்தா செஷன் அங்கயே முடிஞ்சுடும். கமாண்டெல்லாம் எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு சொல்ற 'பாத்' வரியை முழுசா மாத்தி எழுதிட்டு பழையதைச் சேக்க மறந்தாலும் இதேதான். கடைசியா என்ன எடிட் பண்ணீங்கன்னு யோசிச்சுப் பாருங்க, பதில் பெரும்பாலும் அங்க இருக்கும்.

5. டிஸ்க் ஃபுல்லுங்கிறீங்க, ஆனா சூடோ போட்டா எல்லாம் வேலை செய்யுதே? அப்ப எப்படி ஃபுல்?

இஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டம் உருவாக்கும்போதே 5% இடத்தை ரூட்டுக்குன்னு ஒதுக்கி வச்சிடும். அதனால உங்களுக்கு ஒரு பைட்கூட மிச்சம் இல்லாதப்பவும் ரூட் எழுதிக்கிட்டு இருக்கும். டிடிஒய்ல லாகின் ஆக எதையும் எழுதத் தேவையில்ல, ஆனா டெஸ்க்டாப் ஸ்டார்ட் ஆகணும்னா கேஷ், சாக்கெட், செட்டிங்ஸ்னு பத்து இடத்துல எழுதணும். அதான் அங்க உள்ள விடுது, இங்க விடமாட்டேங்குது.

இடம் பண்ண, "சூடோ ஆப்ட் க்ளீன்", "சூடோ ஜர்னல்சிடிஎல் --வேக்யூம்-சைஸ்=200எம்" (கடைசி எம் பெரிய எழுத்து) ரெண்டுலயே நிறைய பேருக்கு லாகின் ஆகிற அளவு கிடைச்சிடும், மீதியை உள்ள போய் பாத்துக்கலாம். டாக்கர் வச்சிருந்தா பழைய இமேஜெல்லாம் /வார்/லிப்/டாக்கர் ஃபோல்டருக்குள்ள சேந்துகிட்டே இருக்கும். டிஎஃப் -ஹெச்ல இடம் காட்டுது ஆனா எழுத முடியலன்னா "டிஎஃப் -ஐ" அடிங்க, சின்னச் சின்ன ஃபைல் லட்சக்கணக்குல சேந்து ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒண்ணு வேண்டிய பதிவு) தீந்துபோயிருக்கும். பூட் தனி பார்டிஷனா இருந்தா அதையும் பாருங்க, பழைய கெர்னல்களால அது நெரம்பி, புது கெர்னல் பாதியில நின்னிருக்கும்.

6. புதுசா ஒரு யூசர் போட்டுப் பாத்தேன், அதுல நல்லா வருது. அப்ப என் டாட் கான்ஃபிக் ஃபோல்டரை டெலீட் பண்ணிடவா?

புது யூசர் போட்டுப் பாத்தது ரொம்ப சரி. "சூடோ ஆட்யூசர் டெஸ்ட்"னு ஒரே வரி, ஆனா சிஸ்டம் கோளாறா, உங்க செட்டிங்ஸ் கோளாறான்னு அஞ்சு நிமிஷத்துல சொல்லிடும், என்னைக் கேட்டா எந்த லாகையும் திறக்குறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது இதுதான். ஆனா டெலீட் பண்ணாதீங்க. எம்வி போட்டு பேர் மாத்துங்க, அதுலயும் மொத்த கான்ஃபிக்கையும் இல்ல. நிறைய புரோகிராமோட செட்டிங்ஸ் அதுக்குள்ளதான் இருக்கு.

ப்ளாஸ்மாவுல கருப்பு ஸ்க்ரீன், மவுஸ் மட்டும் நகருதுன்னா ப்ளாஸ்மாஷெல் மட்டும் விழுந்திருக்கு, செஷன் உயிரோடதான் இருக்கு. ஆல்ட்+ஸ்பேஸ் தட்டினா கேரன்னர் வரும், அதுல கான்சோல்னு அடிச்சு டெர்மினலைத் திறந்து "ப்ளாஸ்மாஷெல் --ரீப்ளேஸ்" போட்டுப் பாருங்க. திரும்பத் திரும்ப விழுந்தா டாட் கான்ஃபிக் உள்ள ப்ளாஸ்மானு ஆரம்பிச்சு ஆப்லெட்ஸ்ஆர்சினு முடியிற நீளமான பேர் ஃபைல் ஒண்ணு இருக்கும், பேனலும் விட்ஜெட்டும் அதுலதான், அதை மட்டும் பேர் மாத்துங்க. எக்ஸ்எஃப்சிஇன்னா டாட் கேஷ் உள்ள செஷன்ஸ் ஃபோல்டர், போன தடவை பாதியில செத்த செஷனை அது திரும்பக் கொண்டுவரப் பாக்கும். க்னோம்னா 12-ஐப் பாருங்க.

7. லாகின் ஸ்க்ரீனே வரல. வெறும் கர்சர் மட்டும் மேல இடது பக்கம் மினுக்கிக்கிட்டு இருக்கு.

"சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் டிஸ்ப்ளே-மேனேஜர்" அடிங்க. ஃபெயில்டுன்னு வந்தா கீழயே நாலு வரி காரணம் இருக்கும். அப்படி ஒரு சர்வீஸே இல்லன்னு வந்தா டிஸ்ப்ளே மேனேஜர் அன்இன்ஸ்டால் ஆயிருக்கு, 13-க்குப் போங்க. ரன்னிங்னு காட்டுது ஆனா படம் வரலன்னா டிரைவர், 8-ம் 9-ம் பாருங்க.

ரெண்டு டெஸ்க்டாப் இன்ஸ்டால் பண்ணி ஜிடிஎம்மும் லைட்டிஎம்மும் ஒண்ணா கிடந்தா "சூடோ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் லைட்டிஎம்" போட்டு எது வேணும்னு ஒண்ணைத் தேர்ந்தெடுங்க. யாராவது சர்வர் மாதிரி டெக்ஸ்ட் மோட்ல பூட் ஆகச் சொல்லி மாத்தியிருந்தா "சிஸ்டம்சிடிஎல் கெட்-டிஃபால்ட்" மல்டி-யூசர்னு காட்டும், "சூடோ சிஸ்டம்சிடிஎல் செட்-டிஃபால்ட் கிராஃபிக்கல்.டார்கெட்" போட்டா சரியாயிடும்.

8. அப்டேட் போட்டேன், அதுக்கப்புறம்தான் இப்படி. அப்டேட்டைத் திரும்ப எடுக்க முடியுமா?

கெர்னலைப் பொறுத்தவரைக்கும் எடுக்கவே வேண்டாம், பழையது அங்கயேதான் இருக்கு. கிரப்ல அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய் (எப்படி வரவைக்கிறதுன்னு 2-ல சொல்லிருக்கேன்) ஒரு படி பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து பூட் பண்ணுங்க. அதுல டெஸ்க்டாப் வந்துட்டா புது கெர்னலுக்கு உங்க டிரைவர் கம்பைல் ஆகலன்னு கிட்டத்தட்ட முடிவு பண்ணிடலாம்.

அப்டேட் ஓடிக்கிட்டு இருக்கும்போது கரண்ட் போச்சு, லேப்டாப்பை மூடிட்டீங்கன்னா பேக்கேஜ் பாதியில நின்னிருக்கும். "சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ", அப்புறம் "சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்". இந்த ரெண்டும் முடியாம வேற எதையும் இன்ஸ்டால் பண்ணாதீங்க. மின்ட்ல டைம்ஷிஃப்ட் செட் பண்ணி வச்சிருந்தீங்கன்னா டிடிஒய்லேர்ந்தே "சூடோ டைம்ஷிஃப்ட் --ரீஸ்டோர்" போட்டு அப்டேட்டுக்கு முந்தின நிலைக்குப் போயிடலாம், டிஃபால்டா அது ஹோமைத் தொடாது.

9. என்விடியா கார்டு வச்சிருக்கேன். எல்லாரும் அதான் பிரச்சனைங்கிறாங்க. நிஜமா?

பாதி நிஜம். என்விடியாவோட டிரைவர் கெர்னலுக்கு வெளிய இருந்து வர்றது, ஒவ்வொரு கெர்னல் மாறும்போதும் டிகேஎம்எஸ்னு ஒரு ஏற்பாடு அதைத் திரும்ப கம்பைல் பண்ணணும். கெர்னல் ஹெடர்ஸ் பேக்கேஜ் இல்லன்னா கம்பைல் ஆகாது, ஆகலன்னு உங்ககிட்ட யாரும் வந்து சொல்லவும் மாட்டாங்க. "டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்" அடிச்சா இப்ப ஓடுற கெர்னல் பேருக்கு நேரா இன்ஸ்டால்டுன்னு இருக்கணும். என்விடியா-எஸ்எம்ஐ அடிச்சு வெர்ஷன் மிஸ்மேட்ச்னு வந்தா பயப்படாதீங்க, அப்டேட் ஆயிடுச்சு ஆனா பழைய மாட்யூல் (கெர்னல்ல லோட் ஆகிற டிரைவர்) மெமரில இருக்கு, ஒரு ரீபூட் போதும்.

கம்பைல் ஆகியும் லோட் ஆகலன்னா செக்யூர் பூட் (கையெழுத்து இல்லாத டிரைவரை லோட் பண்ண விடாத ஏற்பாடு). "மோக்யுடில் --எஸ்பி-ஸ்டேட்" எனேபிள்டுன்னு காட்டி, கெர்னல் லாக்ல கீ ரிஜெக்டடுன்னு ஒரு வரி இருந்தா மாட்யூல்ல கையெழுத்து இல்ல. டிரைவர் இன்ஸ்டால் பண்ணும்போது ஒரு பாஸ்வேர்ட் வைக்கச் சொல்லும், அடுத்த பூட்ல நீலக் கலர்ல ஒரு ஸ்க்ரீன் வந்து என்ரோல் மோக்னு (அந்தக் கையெழுத்தோட கீயைச் சேக்கவான்னு) கேக்கும், பத்து செகண்ட்ல அது போயிடும், முக்காவாசிப் பேர் என்னமோன்னு விட்டுடுறாங்க, அங்கதான் கதை மாறுது. பழைய கார்டுன்னா இன்னொண்ணு, புது டிரைவர் பழைய கார்டுகளைக் கைவிட்டுடும். கெப்ளர் தலைமுறைக்கு 470 வரிசையும் ஃபெர்மிக்கு 390 வரிசையும்தான் கடைசி.

10. கிரப்ல நோமோட்செட்னு சேத்தா டெஸ்க்டாப் வருது. அப்படியே நிரந்தரமா போட்டுக்கலாமா?

வேண்டாம். கிரப்ல ஈ தட்டி, லினக்ஸ்னு ஆரம்பிக்கிற வரி கடைசில அதைச் சேத்து, எஃப்10 அடிச்சு உள்ள வந்தீங்க, சரி. அது ஒரு தடவைக்குத்தான், அடுத்த பூட்ல இருக்காது, அப்படி இருக்கிறதுதான் நல்லது. கிராஃபிக்ஸ் டிரைவர் ஸ்க்ரீனைக் கைல எடுக்காதேன்னு கெர்னலுக்குச் சொல்றதுதான் நோமோட்செட். அதுல டெஸ்க்டாப் வந்தா டிரைவர்தான் குற்றவாளின்னு உறுதியாச்சு, அவ்வளவுதான். நிரந்தரமா வச்சுக்கிட்டா ரெசொல்யூஷன் இருக்காது, வீடியோ விட்டு விட்டு ஓடும், ரெண்டாவது மானிட்டர் பேசாது. உள்ள வந்த கையோட 9-ல சொன்னதைப் பாத்து டிரைவரைச் சரி பண்ணுங்க.

11. வேலேண்ட்ல வரல, எக்ஸ்ஆர்க்ல வருது. என்ன பண்ண?

டெஸ்க்டாப்பைத் திரையில வரையுறதுக்கு ரெண்டு வழி, பழசு எக்ஸ்ஆர்க், புதுசு வேலேண்ட். லாகின் ஸ்க்ரீன்ல பாஸ்வேர்ட் போடுற இடத்துல கீழ ஒரு கியர் ஐகான் இருக்கும், அதுல செஷனை மாத்தலாம், தற்காலிகமா அது போதும். லாகின் ஸ்க்ரீனே வேலேண்டால வரலன்னா ஜிடிஎம்மோட கான்ஃபிக் ஃபைல்ல (உபுண்டுவுல ஜிடிஎம்3 ஃபோல்டர்ல கஸ்டம்.கான்ஃப், டெபியன்ல டீமன்.கான்ஃப்) வேலேண்ட்எனேபிள்=ஃபால்ஸ் வரிக்கு முன்னாடி இருக்கிற ஹேஷை (#) எடுத்துடுங்க. ஆனா இந்த வழி ரொம்ப நாள் ஓடாது, உபுண்டு 25.10-லயே க்னோமுக்கு எக்ஸ்ஆர்க் செஷன் கிடையாது.

தலைகீழாவும் வரும், எக்ஸ்ஆர்க் மட்டும் ஸ்டார்ட் ஆகாது. லாக்ல நோ ஸ்க்ரீன்ஸ் ஃபவுண்ட்னு இருந்தா /இடிசி உள்ள எக்ஸ்11 ஃபோல்டர்ல (எக்ஸ் பெரிய எழுத்து) எக்ஸ்ஆர்க்.கான்ஃப்னு பழசு ஏதாவது கிடக்கான்னு பாருங்க. கார்டை மாத்தினதுக்கு அப்புறமும் பழைய கார்டு பேரைச் சொல்லிக்கிட்டு அது அங்க உக்காந்திருக்கும். பேர் மாத்துங்க, இப்பல்லாம் அந்த ஃபைல் இல்லாமலே எக்ஸ்ஆர்க் தானா கண்டுபிடிச்சுக்கும்.

12. க்னோம்ல சோகமா மூஞ்சிய வச்ச கம்ப்யூட்டர் படம் வந்து ஏதோ தப்பாயிடுச்சுன்னு சொல்லுது, லாக் அவுட் பட்டன் மட்டும்தான் இருக்கு.

முக்காவாசி எக்ஸ்டென்ஷன்தான் (க்னோம்ல கூடுதலா சேத்துக்கிற துணை புரோகிராம்). க்னோம் வெர்ஷன் ஏறிடும், எக்ஸ்டென்ஷன் எழுதினவர் இன்னும் அப்டேட் பண்ணிருக்க மாட்டார். ஹோம்ல டாட் லோக்கல், அதுக்குள்ள ஷேர், அதுக்குள்ள க்னோம்-ஷெல், அது உள்ள இருக்கிற எக்ஸ்டென்ஷன்ஸ் ஃபோல்டரைப் பேர் மாத்திட்டு லாகின் பண்ணுங்க. வந்துட்டா ஒண்ணொண்ணா திரும்பப் போட்டுப் பாத்து எதுன்னு பிடிங்க. வரலன்னா டாட் கான்ஃபிக், டிகான்ஃப் உள்ள யூசர்னு ஒரு ஃபைல், க்னோம் செட்டிங்ஸ் மொத்தமும் அதுலதான், அதையும் பேர் மாத்துங்க. புது யூசர்லயும் இதே படம் வந்தா எக்ஸ்டென்ஷனை விட்டுட்டு டிரைவர் பக்கம் போங்க.

13. ஏதோ ஒரு சாஃப்ட்வேரை ரிமூவ் பண்ணேன், டெஸ்க்டாப்பே காணாமப் போச்சு!

அது உங்ககிட்ட கேட்டுட்டுதான் எடுத்திருக்கும், லிஸ்ட் நீளமா இருந்ததால நீங்க படிக்காம ஒய் தட்டியிருப்பீங்க. 2021-ல ஒரு பிரபல யூடியூபர் பாப் ஓஎஸ்ல ஸ்டீம் இன்ஸ்டால் பண்ணப்போய் இதேதான் ஆச்சு, எச்சரிக்கையைப் பாத்தும் "எஸ், டூ ஆஸ் ஐ சே"னு டைப் பண்ணி டெஸ்க்டாப்பை அவரே வழியனுப்பி வச்சார். பைத்தான்3-ஐ ரிமூவ் பண்றவங்களுக்கும் இதே கதிதான், பாதி டெஸ்க்டாப் அதை நம்பித்தான் இருக்கு.

/வார்/லாக்/ஆப்ட் உள்ள ஹிஸ்டரி.லாக்னு ஒரு ஃபைல், என்னிக்கு என்னென்ன போச்சுன்னு அதுல தேதியோட இருக்கும். உபுண்டுன்னா "சூடோ ஆப்ட் இன்ஸ்டால் உபுண்டு-டெஸ்க்டாப்", மின்ட்னா மின்ட்-மெட்டா-சினமன். ஃபெடோராவுல "சூடோ டிஎன்எஃப் ஹிஸ்டரி அன்டூ லாஸ்ட்" ஒரே அடில திருப்பிடும், இந்த ஒரு விஷயத்துல ஆப்டைவிட அது ஒசத்திதான்.

14. டெஸ்க்டாப்புக்குப் பதிலா எமர்ஜென்சி மோட்னு வந்து ரூட் பாஸ்வேர்ட் கேக்குது.

அதுக்கு முன்னாடி ஒன்றரை நிமிஷம் ஏதோ ஒரு டிஸ்க்குக்காகக் காத்துக்கிட்டு இருந்துச்சா? எஃப்எஸ்டேப்ல (பூட் ஆகும்போது எந்தெந்த பார்டிஷனை மவுண்ட் பண்ணணும்னு சொல்ற ஃபைல்) எழுதியிருக்கிற ஒரு பார்டிஷன் கிடைக்கல. ஃபார்மட் பண்ணினா யூயூஐடி (பார்டிஷனோட அடையாள எண்) மாறிடும், வெளி டிஸ்க்கைக் கழட்டினாலும் இதே நிலைமை. "ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை" எந்த வரி தப்புன்னு சொல்லும், "பிஎல்கேஐடி" சரியான யூயூஐடியைக் காட்டும். கட்டாயம் தேவைப்படாத டிஸ்க்குக்கெல்லாம் ஆப்ஷன்ல நோஃபெயில்னு சேத்துடுங்க, அது இல்லன்னாலும் பூட் ஆகும்.

15. லாக் பாத்தேன், சிகப்பா நூறு எரர் இருக்கு. இதுல எதைன்னு எடுத்துக்கிறது?

நல்லா ஓடுற மெஷின்லயும் சிகப்பு இருக்கும். ஏசிபிஐ பயாஸ் எரர், ப்ளூடூத் முனகல், லாகின் ஆகும்போதெல்லாம் வர்ற ஜிகேஆர்-பாம் வரி, இதுக்கெல்லாம் டெஸ்க்டாப் வராததோட சம்பந்தமே இல்ல, ஆனா எல்லாரும் தேடிப்போறது இதைத்தான். எரரை எண்ணாதீங்க, நேரத்தைப் பாருங்க. பாஸ்வேர்ட் போட்ட நிமிஷம் என்னன்னு குறிச்சுக்கிட்டு, டிடிஒய் வந்து "ஜர்னல்சிடிஎல் --பூட் --ப்ரையாரிட்டி=3" அடிச்சு அந்த நேரத்துக்கு வந்த வரிகளை மட்டும் படிங்க. அதுல மொதல்ல விழுந்தது எதுவோ அதுதான் ஆளு, பின்னால வர்றதெல்லாம் அது விழுந்ததால சேந்து விழுந்தது. மெஷினை ரீஸ்டார்ட் பண்ணிட்டீங்கன்னா --பூட்=-1 போடுங்க, போன தடவையோடது வரும்.

எக்ஸ்ஆர்க்னா அதுக்குத் தனி லாக், /வார்/லாக் உள்ளயோ, ஜிடிஎம்னா ஹோம்ல டாட் லோக்கல், ஷேர், எக்ஸ்ஆர்க் உள்ளயோ இருக்கும். அடைப்புக்குறிக்குள்ள ஈஈன்னு இருக்கிற வரிதான் எரர். லைட்டிஎம் வச்சிருந்தா ஹோம்ல டாட் எக்ஸ்செஷன்-எரர்ஸ்னு ஒண்ணு, 4-ல சொன்ன ப்ரொஃபைல் தப்பெல்லாம் அதுல நேராவே தெரியும்.

16. இவ்வளவு தேடுறதுக்கு ரீஇன்ஸ்டால் பண்ணா ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடாதா?

ஹோம் தனி பார்டிஷனா வச்சுக்கிட்டு, அதை ஃபார்மட் பண்ணாம ரீஇன்ஸ்டால் பண்ணப்போறீங்களா? கோளாறு ஹோம்ல இருந்தா (6-ல பாத்த மாதிரி) அதே கோளாறோட திரும்ப வரும். டிரைவர்னா, புது இன்ஸ்டால்லயும் அதே அப்டேட் போட்டதும் அதே கருப்பு ஸ்க்ரீன். டிஸ்க் கெட்டுப்போய் எஃப்எஸ்சிகேயே (டிஸ்க்கைச் சரிபாக்குற கமாண்ட்) திணறுது, இல்ல யாரோ சிஸ்டம் ஃபோல்டர் பெர்மிஷனை மொத்தமா மாத்திட்டாங்கன்னா ரீஇன்ஸ்டால் நியாயம்தான். டிஸ்க் கெட்டதுன்னா டிஸ்க்கை மாத்திட்டுப் போடுங்க.

17. சில நாள் வருது, சில நாள் வரல. ரீஸ்டார்ட் பண்ணா சரியாயிடுது. இது என்ன வியாதி?

எஸ்எஸ்டி போட்ட வேகமான மெஷின்ல இது அதிகம். கிராஃபிக்ஸ் டிரைவர் எழுந்திருக்கிறதுக்கு முன்னாடியே டிஸ்ப்ளே மேனேஜர் ஓடி வந்துடும், கார்டு இல்லன்னு நெனச்சு விழுந்துடும். சில நாள் டிரைவர் முந்திக்கும், அன்னிக்கு உங்களுக்கு நல்ல நாள். உறுதி பண்ண, கருப்பு ஸ்க்ரீன் வந்த அன்னிக்கு டிடிஒய்ல போய் "சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் டிஸ்ப்ளே-மேனேஜர்" அடிங்க. உடனே லாகின் ஸ்க்ரீன் வந்துட்டா இதேதான்.

டிரைவரை முன்னாடியே எழுப்பிவிடணும். /இடிசி உள்ள இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ் ஃபோல்டர்ல மாட்யூல்ஸ்னு ஒரு ஃபைல், அதுல இன்டெல்னா ஐ915, ஏஎம்டின்னா ஏஎம்டிஜிபியுன்னு ஒரு வரி சேத்துட்டு "சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ" போடுங்க. லைட்டிஎம்ல இதுக்குன்னே லாகின்டி-செக்-கிராஃபிக்கல்னு ஒரு செட்டிங் இருக்கு, அதை ட்ரூ ஆக்கினா கார்டு தயாராகுற வரைக்கும் காத்திருக்கும். ரீஸ்டார்ட் அடிச்சும் வரல, விழுற இடமும் ஒவ்வொரு தடவையும் வேற வேறயா இருக்குன்னா சாஃப்ட்வேரை விட்டுடுங்க, ராத்திரி தூங்கப்போகும்போது மெம்டெஸ்ட் (ரேமைச் சோதிக்கிற புரோகிராம்) ஓடவிட்டுட்டுப் போங்க, ரேம்ல ஒரு எரர் வந்தாலும் அந்த ஸ்டிக்கை மாத்தணும்.